அனுமதி வாங்காத வீட்டுக்கு ஓர் ஆசி

"நீ கட்டினது வீடே இல்ல தம்பி," என்றார் புருல் அக்கா.

சமிதின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். நகராட்சிக் கட்டடப் பிரிவின் மாடியிலிருந்து பார்த்தால், நெட்டை மரங்களுக்கு அந்தப்பக்கம், வீடு நன்றாகவே தெரிந்தது. இரண்டு அடுக்கு, நீலத் தகரக் கூரை, முகப்பில் நான்கு வெள்ளைத் தூண்கள். கோக்-தோபோ ஊரில் கலாச்சார மண்டபத்தை விட்டால் தூண் வைத்த கட்டடம் அது ஒன்றுதான்.

"அதோ தெரியுதே அக்கா."

"கண்ணுக்குத் தெரியுது. காகிதத்துல தெரியலையே." புருல் அக்கா தேநீரில் ஜாமைக் கலக்கிக்கொண்டே சொன்னார். இருபது வருடமாக இதே நாற்காலி, இதே விதி, இதே ஜாம். "அனுமதி இல்லாம ஆரம்பிச்ச வேலை, சட்டத்துக்கு முன்னால வேலையே கிடையாது. வேலையே இல்லேன்னா ஒப்பந்தம் எங்க இருந்து வரும்? ஒப்பந்தம் இல்லாதப்போ பாக்கி எங்க இருந்து வரும்? நீ கோர்ட்டுக்குப் போனேன்னா முதல் அபராதம் உனக்குத்தான். அனுமதி இல்லாம மண்வெட்டியத் தொட்ட காண்ட்ராக்டர்னு."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. வீட்டுக்காரர் வந்து விண்ணப்பம் எழுதித் தரணும். தெரு எல்லைன்னு வரைபடத்துல ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கு; அந்தத் தூணெல்லாம் அதைத் தாண்டித் தெருவுல நிக்குது, அதை உள்ள தள்ளணும். அபராதம் கட்டணும். அப்புறம் காகிதம் வரும். காகிதம் வந்தா உன் ஒப்பந்தத்துக்கும் உயிர் வரும். ஆனா அவரு வரணும். உன் சம்பந்தி வருவாரா?"

புருல் அக்கா சமிதினை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இன்ஜினியருக்குத்தானே படிச்ச? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்தார்கள். அதுதான் கேவலம். கல்லூரியில் அவனுக்கு ஒழுங்காகத் தெரிந்த பாடமே இது ஒன்றுதான். கடைசி வருடக் கோடை விடுமுறையில் அப்பாவின் ஆடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது கையில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். அதிலும் பாதி ஈரத்தில் ஒட்டிக்கொண்டுவிட, பிரிக்க முடிந்தது கட்டட அனுமதி விதிகள் என்ற அத்தியாயம் மட்டும். அதை ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்தபடி, ஆடுகள் சிதறாமல் இருக்க ஒரு ராகமும் போட்டு, கோடை முழுவதும் பாடித் தீர்த்தான். வாய்மொழித் தேர்வில் கேள்விச் சீட்டை உருவினால், வந்தது அந்த அத்தியாயம். மூச்சு விடாமல் ஒப்பித்தான். ராகம் கூட லேசாக வந்துவிட்டது. "போதும்பா, போதும்," என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஐந்துக்கு ஐந்து போட்டு அனுப்பினார்கள்.

மற்ற பாடங்களில் மூன்று. அதனால் கிடைத்தது நீல அட்டைப் பட்டம். சிவப்பு அட்டை கெட்டிக்காரர்களுக்கு. ஆனால் சாரி-புலாக் கிராமத்துக்கு நீலமும் தெரியாது சிவப்பும் தெரியாது. அந்தக் கிராமத்திலிருந்து பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவன். அப்பா உயிரோடு இருந்த கடைசி வருடம் அது. ஆடு அடித்து ஊரைக் கூட்டினார். பட்டம் கைக்குக் கை மாறி விருந்து முழுவதும் சுற்றிவந்து, திரும்பி வந்தபோது துணைவேந்தர் கையெழுத்துக்கு மேலே கொழுப்பில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. இப்போதும் கண்ணாடிக்குள் அது இருக்கிறது. பார்ப்பவர்கள் அரசு முத்திரை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்றிலிருந்து கிராமத்தில் அவனுக்குப் பெயர் இன்ஜினியர். டிவியில் படம் வரவில்லையா, இன்ஜினியரைக் கூப்பிடு. மாட்டுக்கு மடி வீங்கிவிட்டதா, இன்ஜினியரைக் கூப்பிடு. அவனும் போய் மடியைப் பார்த்துவிட்டு, முகவாயைத் தடவிக்கொண்டு, "அழுத்தம் ஒரு பக்கமா இருக்கு," என்று சொல்லிவிட்டு வருவான். யாரும் சிரித்ததில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குத் தன்னைப் பற்றி இவ்வளவு பெரிய எண்ணம் வந்திருக்காது.

அந்த எண்ணத்தோடுதான் நகரத்துக்கு வந்து காண்ட்ராக்டர் ஆனான். ஒரு பழைய வேன், ஒரு கலவை இயந்திரம், இரண்டு ஆட்கள். ஒருவர் மெல்ஸ் அண்ணன். அதே சாரி-புலாக்காரர், ஐம்பதைத் தாண்டிய கொத்தனார். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நால்வருடைய முதல் எழுத்தையும் சேர்த்து அவர் அப்பா வைத்த பெயர். நாலு பேரும் சேர்ந்தும் தனக்கு ஒரு மாதச் சம்பளம் நேரத்துக்கு வாங்கித் தரவில்லை என்பார். இன்னொருவன் ஜிர்கல். சித்தாள் வேலை செய்வான், ஆனால் பேச்சில் மேஸ்திரி.

தங்கை அய்ஜர்கினை நகரத்தில் கட்டிக்கொடுத்தது ஒஸ்மோன்குல் வீட்டில். அப்பா இல்லாததால் வீட்டுக்கு மூத்த ஆண் சமிதின். ஆகவே முப்பத்தொரு வயதில் அவன், அறுபத்துமூன்று வயது ஒஸ்மோன்குலுக்குச் சரிசமமான சம்பந்தி. தெருவில் பார்த்தால் பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சம்பந்தி," என்று இரண்டு கையும் நீட்டுவார். சமிதினுக்கு உள்ளே ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி இருக்கும்.

ஒஸ்மோன்குல் முப்பது வருடம் கலாச்சார மண்டபத்துக்கு மேலாளராக இருந்தவர். திரை தூக்குவது, ஒலிபெருக்கி சரிபார்ப்பது, கூட்டத்தைக் கைதட்ட வைப்பது எல்லாம் அவர் கை. ஓய்வு பெற்ற பிறகு அந்த மண்டபத்தையே வீட்டுக்குக் கொண்டுவர முடிவு செய்தார்.

"தூண் வேணும் சம்பந்தி. நாலு தூண்."

"தூண் வச்சா முகப்பு தெருப் பக்கம் வருமே. அனுமதி முதல்ல..."

ஒஸ்மோன்குல் நெஞ்சில் கை வைத்தார். மனசு புண்பட்டுவிட்டதாம். "நமக்குள்ள காகிதமா? நான் என்ன யாரோவா? நீங்க படிச்சவங்க. நீங்க கோடு போட்டா அதுதான் அனுமதி."

நீங்க கோடு போட்டா அதுதான் அனுமதி. ஐந்துக்கு ஐந்து வாங்கிய அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வரியில் கரைந்து போயிற்று. மறுநாள் காலை கடைக்கால் தோண்டிவிட்டான்.

வீடு எழும்பியது. பாதிப் பணம் வந்தது, அதில் சிமெண்டும் கம்பியும் போயிற்று. மீதிப் பணத்தில்தான் மெல்ஸ் அண்ணனுக்கும் ஜிர்கலுக்கும் கூலி. அந்த மீதி வரவில்லை. முதலில், "கன்னுக்குட்டி வித்ததும்." பிறகு, "பையன் அனுப்பினதும்." பிறகு நகராட்சியிலிருந்து யாரோ வந்து தூண்களை அளந்துவிட்டுப் போக, ஒஸ்மோன்குல் கையில் அழகான காரணம் ஒன்று கிடைத்தது. "காகிதத்துல இல்லாத வீட்டுக்கு நான் எப்படிப் பணம் கொடுக்கறது சம்பந்தி? சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

சமிதின் புருல் அக்காவின் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தபோது வேனில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் மெல்ஸ் அண்ணன்.

"நாம கட்டினது வீடு இல்லையாம்."

ஜிர்கல் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "அப்போ இந்தக் காய்ப்பும் காய்ப்பு இல்லையா அண்ணே?"

"சம்பந்திகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்."

"கேளு," என்றார் மெல்ஸ் அண்ணன். "ஆனா இன்னொரு அங்கியோட வந்தேன்னா வேன்ல ஏறாத."

அங்கி விவகாரம் இதுதான். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் வெறும் தோளோடு அனுப்பக் கூடாது. நீள அங்கி ஒன்றைப் போர்த்தி, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்துத்தான் அனுப்ப வேண்டும். போர்த்தியாகிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். போர்த்திய தோளோடு எவனாவது, "அந்தப் பாக்கி..." என்று வாயெடுப்பானா? ஒஸ்மோன்குலுக்கு இது நன்றாகத் தெரியும். சமிதின் பணம் கேட்கப் போகும் ஒவ்வொரு தடவையும் அவர் அவனை மேல்வரிசையில், கதவுக்கு நேரெதிரே, மெத்தை மேல் மெத்தை போட்டு உட்கார வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவன் புது அங்கியோடு வெளியே வந்தான். சட்டை வாங்கக் காசில்லாதவனிடம் நாலு அங்கி இருந்தது.

அன்றைக்கும் போனான். வாசலில் அய்ஜர்கின் அவனை மடக்கினாள். நெற்றியில் மாவு, இடுப்பில் குழந்தை.

"அண்ணே, இன்னிக்காவது கேப்பியா, இல்ல போர்த்திக்கிட்டுப் போவியா?"

"கேக்கத்தான் வந்தேன்."

"போன தடவையும் அதத்தான் சொன்ன. இந்தா பாரு, அங்கிய எடுத்துட்டு வாடின்னு மாமா என்னைத்தான் அனுப்புவாரு. நான் பெட்டிச் சாவியக் காணோம்னு தேடுற மாதிரி நிக்கிறேன். அதுக்குள்ள கேட்டு முடி. நாள் பூரா தேட முடியாது, மாமியாருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

உள்ளே உட்கார்ந்தான். தேநீர் வந்தது, ரொட்டி வந்தது, வெண்ணெய் வந்தது. ஒஸ்மோன்குல் அவனுடைய அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். கிராமத்துப் புல் எப்படி என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "மருமகளே!" என்றார்.

சாவி தேடும் சத்தம் கேட்டது. பெட்டி இழுபட்டது. எதுவோ விழுந்தது. தங்கை தன் பங்கைக் கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தாள். சமிதின் தொண்டையைச் செருமினான்.

"சம்பந்தி..."

"சொல்லுங்க சம்பந்தி," என்று ஒஸ்மோன்குல் முழு உடம்பையும் அவன் பக்கம் திருப்பினார். அவ்வளவு மரியாதையான திருப்பம். அப்பா கூட அவனை அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

"இந்த... வெண்ணெய் நல்லா இருக்கு."

உள்ளே சாவிச் சத்தம் பட்டென்று நின்றது. அய்ஜர்கின் அங்கியைக் கொண்டுவந்து அண்ணன் தோளில் போட்டாள். போட்ட வேகத்தில் அவன் கொஞ்சம் குனிந்துவிட்டான். "ஆயுசோட போட்டுக் கிழி அண்ணே," என்று வழக்கமான வாழ்த்தைச் சொன்னாள் எல்லாருக்கும் கேட்கும்படி. அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "வெண்ணெய்!" என்றாள்.

வழியனுப்பும்போது ஒஸ்மோன்குல் சொன்னார்: "சனிக்கிழமை வீடு புகும் விருந்து. நீங்கதான் முதல் விருந்தாளி. தலைக்கறி உங்களுக்குத்தான்."

வேனுக்கு வந்தான். மெல்ஸ் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"சேராத அளவு," என்றான் ஜிர்கல் அங்கியைப் பார்த்து. "தோள் தொங்குது. போன தடவை கொடுத்தது பரவாயில்ல, சிமெண்ட் மூட்டைக்குச் சரியா இருந்துச்சு."

"தம்பி," என்றார் மெல்ஸ் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. "ஏரிக்கரையில விடுதி கட்டறாங்க, ஆள் கூப்பிடறாங்க. ஞாயித்துக்கிழமை வண்டி. அதுக்குள்ள கூலி வரலேன்னா நானும் இவனும் போயிடுவோம். போற வழியில சாரி-புலாக் வரும். எம் பொண்டாட்டி கேப்பா, எங்கய்யா காசுன்னு. நான் பொய் சொல்ல மாட்டேன். நம்ம இன்ஜினியர் கொடுக்கலேன்னு சொல்வேன். அவ ரொட்டி அடுப்புகிட்ட சொன்னா, மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரியும்."

சமிதினுக்கு அந்தக் கட்டைவிரல் ரேகை ஞாபகம் வந்தது. அது யாருடையது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஒரு வேளை மெல்ஸ் அண்ணனுடையதாகவே இருக்கலாம். கிராமத்தின் முதல் பட்டதாரி, கிராமத்து ஆளின் கூலியைத் தின்றவன். நகரத்தில் காண்ட்ராக்டர் பெயர் கெட்டால் வேறு நகரம் இருக்கிறது. வேறு கிராமம் கிடையாது.

"சனிக்கிழமை விருந்துல கேட்டுடறேன் அண்ணே. அத்தனை பேர் முன்னால."

"வெண்ணெய் இருக்கும்," என்றான் ஜிர்கல். வேன் சன்னல் வழியாக எல்லாமே கேட்டிருக்கிறது.

சனிக்கிழமை தெரு முழுவதும் வந்திருந்தது. நாலு தூணுக்கும் பட்டுத் துணி சுற்றி, கலாச்சார மண்டபத்திலிருந்து ஒலிபெருக்கியும் இரவல் வாங்கி வந்து, ஒஸ்மோன்குல் கையில் மைக்கோடு ஒவ்வொரு விருந்தாளியையும் அறிவித்துக்கொண்டிருந்தார். சமிதின் நுழைந்தபோது, "எங்கள் சம்பந்தி! உயர்படிப்புப் படித்த பொறியாளர்!" என்று தெருக்கோடிவரை கேட்டது. கைதட்டல். தெருக்கோடியில் நின்ற கழுதையும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மேல்வரிசை. நாலு மெத்தை. அவனுக்கு இரண்டு பக்கமும் எண்பது வயதுக் கிழவர்கள், நடுவில் இவன், பள்ளிக்கூடத்தில் தவறான வகுப்பில் உட்கார்ந்த பையன் மாதிரி. மெல்ஸ் அண்ணனும் ஜிர்கலும் கீழ்வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில். கட்டியவர்கள் என்று யாரும் அறிவிக்கவில்லை.

ஆட்டுத் தலை வந்தது. முதல் விருந்தாளிதான் அதை அறுத்துப் பங்கு வைக்க வேண்டும். நாலு தூணைத் தூக்கி நிறுத்தத் தெரிந்த சமிதினுக்கு, காதை எங்கே அறுப்பது என்று தெரியவில்லை. பக்கத்துக் கிழவர் ஒருவர் கத்தியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டார். காதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தான், கண்ணைக் கிழவருக்குக் கொடுத்தான், மீதியை எதிரே நீட்டினான். நீட்டிக்கொண்டே மனசுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்தான். சம்பந்தி, எல்லாரும் இருக்கும்போது ஒரு வார்த்தை. சம்பந்தி, எல்லாரும் இருக்கும்போது...

ஒஸ்மோன்குல் அவன் உதடு அசைவதைப் பார்த்தார். மேடை பார்த்த மனுஷன். நடிகன் வசனத்தை முணுமுணுப்பது அவருக்குத் தெரியாதா? இன்றைக்கு அங்கி மட்டும் போதாது என்று உடனே கணக்குப் போட்டார்.

"அன்பர்களே!" என்றார் மைக்கில். "சாப்பாடு ஆச்சு. இப்போ இந்த வீட்டுக்கு ஆசி சொல்லணும். பெரியவங்க மன்னிக்கணும். இன்னிக்கு ஆசி, எங்க சம்பந்தி வாயால!"

கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசி என்பது நரைத்த தாடியிலிருந்து வர வேண்டியது. சமிதினுக்கு மழித்த முகம், அதிலும் ஒரு வெட்டு. "பெரியவங்க இருக்கும்போது நான்..." என்று பின்வாங்கப் பார்த்தான். ஒஸ்மோன்குல் விடவில்லை. மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பாசம். ஆசி சொன்ன வாய் அதற்கப்புறம் பாக்கி கேட்காது. அங்கிக்கு மேல் ஒரு பூட்டு.

தெரு முழுவதும் உள்ளங்கைகளை விரித்து ஏந்தியது. மேல்வரிசை, கீழ்வரிசை, அடுப்படிப் பெண்கள், வேலிக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக்காரர். ஆசி முடிந்து முகத்தைத் தடவும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது, கையை மடக்க முடியாது.

"இந்த வீடு நிலைக்கட்டும்," என்றான் சமிதின்.

"ஓமின்!" என்றது தெரு. அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தயார் செய்த வாக்கியமும் போயிற்று, ஆசியும் வரவில்லை. அப்பா எத்தனை விருந்தில் ஆசி சொல்லிக் கேட்டிருக்கிறான், ஒரு வரி, ஒரே ஒரு வரி? விரித்த கைகள் காத்திருந்தன. அடுப்படியில் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவன் எச்சில் விழுங்கியது கடகடவென்று கேட்டது.

வியர்த்தது. காது அடைத்தது. காது அடைத்ததும் எங்கிருந்தோ மந்தைச் சத்தம் வந்தது. மந்தையோடு அந்த ராகம் வந்தது. ராகம் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சிவப்புக் கோட்டுக்கு உள்ளேயே நிற்கட்டும்!"

"ஓமின்!"

"அண்டை வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கட்டும்!"

"ஓமின்!" வேலிக்கு அந்தப்பக்கக் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பலமாக இருந்தது.

"கூரைத் தண்ணீர் தன் முற்றத்திலேயே விழட்டும்! புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே உயரட்டும்!"

"ஓமின்!"

நல்ல ராகம். ஆடுகளையே கட்டிப்போட்ட ராகம். கிழவர்கள் தலையாட்ட ஆரம்பித்தார்கள். சமிதினுக்கு எதுவும் தெரியவில்லை. தேர்வு மேசைக்கு முன்னால் நிற்பதாகத்தான் நினைப்பு. போதும் என்று சொல்ல இங்கே யாரும் இல்லை.

"வீட்டுக்காரர் விண்ணப்பத்தைத் தன் கையால் எழுதட்டும்! தன் காலால் நடந்து போய்க் கொடுக்கட்டும்!"

"ஓமின்!"

"முடிந்த வேலையை இரு தரப்பும் பார்த்து ஏற்கட்டும்! ஏற்ற பத்து நாளுக்குள் கட்டியவர்க்குச் சேர வேண்டியது சேரட்டும்! கூலி தீர்ந்த பிறகே குடி புகட்டும்!"

"ஓமின்!" என்றார் ஒஸ்மோன்குல்.

அதுவும் மைக்கில். முப்பது வருடம் கூட்டத்தை முன்நடத்திப் பழகிய தொண்டை. ராகம் உச்சத்துக்குப் போனதும் தானாகக் குரல் கொடுத்துவிட்டது. அவருடைய ஓமின் தூண்களில் மோதி, தெருக்கோடிவரை போய், கழுதையைத் தாண்டித் திரும்பி வந்தது. எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அவரும் தடவிக்கொண்டார். தடவி முடித்து, கை தாடிக்கு வந்த இடத்தில்தான், தான் எதற்கு ஓமின் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

அப்போது செருப்புகளுக்குப் பக்கத்திலிருந்து மெல்ஸ் அண்ணன் இன்னொரு முறை, தனியாக, நிதானமாக, "ஓமின்," என்றார்.

பக்கத்துக் கிழவர் சமிதினைப் பார்த்தார். "எம்பத்திநாலு வயசுல இவ்வளவு விவரமான ஆசிய நான் கேட்டதில்ல. மீட்டர்லாம் போட்டுச் சொல்றான்." பிறகு ஒஸ்மோன்குல் பக்கம் திரும்பினார். "ஏன்டா, கூலி பாக்கி இருக்கா?"

"சம்பந்தி தமாஷ் பண்றாரு அண்ணே."

"ஆசியில என்னடா தமாஷ்? நீதானே மைக்ல ஓமின் சொன்ன. பலிக்காமப் போனா உன் வீட்டுக்கு மட்டுமா கெடுதல்? நாங்களும்தான் சொல்லியிருக்கோம்."

அன்றைக்கு ஒஸ்மோன்குல் அவனுக்கு அங்கி போர்த்த மறந்துவிட்டார்.

சமிதின் தலை குனிந்து வேனுக்கு நடந்தான். விருந்தைக் கெடுத்துவிட்டோம், ஆசி என்று கூப்பிட்டால் பாடப் புத்தகத்தை ஒப்பித்துவிட்டோம், ஊர் இனி முகத்தில் துப்பும் என்று நினைத்துக்கொண்டு போனான். ஜிர்கல் ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது அடிக்க வருகிறான் என்று கையைத் தூக்கினான்.

"அண்ணே, எப்படிண்ணே யோசிச்ச இத?"

எதை என்று கேட்க வாயெடுத்தான். மெல்ஸ் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் முகவாயைத் தடவிக்கொண்டான், மாட்டு மடியைப் பார்த்த அதே தோரணையில். இன்றுவரை அதைத் திட்டம் என்று அவன் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

"ஓமின் சொன்னதுல நானும் ஒருத்தன்," என்றார் மெல்ஸ் அண்ணன். "பத்து நாள்னு சொன்ன. ஏரி எங்கயும் ஓடிடாது."

ஒஸ்மோன்குல் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். ரொட்டிக் கடைக்குப் போனால், "ஆசி பலிச்சுதா?" என்றார்கள். முடிதிருத்துபவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அதையே கேட்டார். அடுத்த வீட்டுக்காரர் அளவு நாடாவோடு வேலியில் உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் ஒஸ்மோன்குல் தன் கையால் எழுதி, தன் காலால் நடந்து, புருல் அக்காவின் மாடியேறினார். அதற்கப்புறம் தன் பழுப்புக் குதிரையைச் சந்தையில் விற்றார்.

மறுபடியும் சமிதினைக் கூப்பிட்டனுப்பினார்கள். மெத்தை, தேநீர், வெண்ணெய். இரண்டு பேரும் புல்லைப் பற்றியே பேசினார்கள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அய்ஜர்கின் அங்கியோடு வந்து, இந்தத் தடவை மெதுவாக, குழந்தைக்குப் போர்த்துவது போலப் போர்த்தினாள். சமிதினுக்கு அழுகையே வந்தது. வெளியே வந்து அங்கியைக் கழற்றி வேனின் பின்பக்கம் சிமெண்ட் மேல் எறிந்தான்.

"ஏறட்டுமா, வேண்டாமா?" என்றான்.

மெல்ஸ் அண்ணன் பின்னால் போய் அந்த அங்கி மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். அங்கியின் பைக்குள் கை விட்டார். கைக்குட்டையில் முடிந்த கட்டு, கெட்டியாக. சம்பந்திக்குக் கை நீட்டிப் பணம் கொடுக்க ஒஸ்மோன்குலுக்கும் கூச்சம். அவரும் அதே வழக்கத்தில் வளர்ந்த மனுஷன்தானே. முழுப் பாக்கியும் இருந்தது. மெல்ஸ் அண்ணன் தன் பங்கை எண்ணாமலே சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஜிர்கல் எண்ணினான், இரண்டு தடவை.

"அண்ணே, முந்தின அங்கியெல்லாம்?" என்றான் திடீரென்று.

மூன்று பேரும் வேனைக் கவிழ்க்காத குறையாகத் தேடினார்கள். ஐந்து அங்கியின் பத்துப் பைகளிலும் சேர்த்து ஒரு மிட்டாய் கிடைத்தது. ஜிர்கல் தின்றான்.

கூலி வாங்கிய பிறகும் இருவரும் ஏரிக்குப் போகவில்லை. தூண்களை உள்ளே தள்ளும் வேலை இருந்தது. திங்கட்கிழமை காலை மூன்று பேரும் கடப்பாரையோடு போய் நின்றார்கள். ஒஸ்மோன்குல் தன் தூண்களைக் கடைசியாக ஒரு தடவை சுற்றி வந்து, பெருமூச்சு விட்டார்.

"ஆரம்பிங்க சம்பந்தி."

ஜிர்கல் கடப்பாரையை ஓங்கினான். சமிதின் அவன் கையைப் பிடித்தான்.

"இடிக்கிறதுக்கும் அனுமதி வேணும்."

"அதான் விண்ணப்பம் கொடுத்தாச்சே!" என்றார் ஒஸ்மோன்குல்.

"அது கட்டினதுக்கு. இது இடிக்கிறதுக்கு. அது வேற."

"நமக்குள்ள என்ன சம்பந்தி..." என்று நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனவர், தெருவில் யாரோ திரும்பிப் பார்ப்பதைக் கண்டு கையைப் பாதியில் நிறுத்தினார். பிறகு பழக்கத்தில் உள்ளே திரும்பி, "மருமகளே!" என்றார்.

அரை மணி கழித்து, கொளுத்தும் வெயிலில், புத்தம் புது அங்கியும் கம்பளித் தொப்பியுமாக சமிதின் புருல் அக்காவின் வரிசையில் ஏழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தான். முன்னால் நின்றவர் அவனை மேலும் கீழும் பார்த்து, கல்யாணப் பதிவு கீழ்த்தளத்தில் என்றார்.